1908 சிட்னி ரக்பி லீக் சீசனை பழைய பேப்பர்ல இருந்து நாமளே கட்டி எடுக்கிறது எப்படி

நான் இருக்கிறது சிட்னி மேற்குப் பக்கம், வென்ட்வொர்த்வில் கிட்ட. தெருமுனைக் கடைல இட்லி மாவும் முருங்கைக்காயும் கிடைக்கும், பக்கத்து வீட்டு வாசல்ல பாரமட்டா டீமோட நீல மஞ்சக் கொடி தொங்கும், அப்படி ஒரு ஏரியா. எங்க கவுன்சில் பேரு கம்பர்லேண்ட். ஒரு நாள் குப்பைத் தொட்டிய வெளிய தள்ளிட்டு வரும்போது அந்த வீட்டுப் பெரியவர் பேச்சுவாக்குல சொன்னாரு, இந்த ஊர்ல லீக் ஆரம்பிச்ச மொத வருஷம் கம்பர்லேண்ட்னே ஒரு டீம் ஆடுச்சு, ஒரே ஒரு மேட்ச் தான் ஜெயிச்சுது, அடுத்த வருஷம் ஆளே காணோம்னு. அவ்ளோதான், மண்டைக்குள்ள குடைய ஆரம்பிச்சிருச்சு. அந்தக் குளிர்காலம் பூரா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் லேப்டாப்ப தொறந்து வச்சுக்கிட்டு 1908 சீசன ஒவ்வொரு சனிக்கிழமையா தோண்டினேன். எங்கெல்லாம் சறுக்கி விழுந்தேன், எப்படி எந்திரிச்சேன்னு இங்க எழுதுறேன், உங்களுக்கும் இந்தப் பைத்தியம் பிடிச்சா உதவும்.

மொதல்ல ஒரு விஷயம் தெளிவாகணும், எந்த ரக்பி. இலங்கைக்காரங்க இத படிச்சா இன்னும் குழப்பம் வரும், ஏன்னா அங்க கிளப் போட்டியத் தான் ரக்பி லீக்னு சொல்றது, ஆனா ஆடுறது பதினஞ்சு பேர் ஆட்டம், அதாவது ரக்பி யூனியன். நான் சொல்ற ரக்பி லீக் வேற ஆட்டம், பதிமூணு பேர். 1895 ஆகஸ்ட் 29 அன்னைக்கு இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டுல ஜார்ஜ் ஹோட்டல்ல வடக்குப் பக்கத்து கிளப்புகள் கூடி நார்தர்ன் யூனியன்னு தனியா பிரிஞ்சு போச்சு, சண்டை எதுக்குன்னா, சனிக்கிழமை ஆட வந்தா மில்லுலயும் சுரங்கத்துலயும் கூலி போகுது, அந்தக் கூலிய கொடுக்கலாமா கூடாதான்னு. பணக்கார வீட்டுப் பசங்களுக்கு அது பிரச்சனையே இல்ல, தினக்கூலிக்காரனுக்கு அது தான் பிரச்சனை. பிரிஞ்சு போனவங்க அப்புறம் விதிகளையும் மாத்திட்டே போனாங்க, 1897ல லைன் அவுட்ட, அதாவது கோட்டுக்கு வெளிய போன பால ரெண்டு வரிசையா நிக்கிற ஆளுங்க நடுவுல எறியறத, தூக்கினாங்க, 1906ல ஆளுங்கள பதினஞ்சுல இருந்து பதிமூணாக்குனாங்க.

சிட்னில இதே கதை பன்னெண்டு வருஷம் கழிச்சு. அலெக்ஸ் பர்டன்னு ஒரு பிளேயர், நியூ சவுத் வேல்ஸ் டீமுக்காக ஆடி அடிபட்டு வந்து வேலைக்குப் போக முடியாம உக்காந்தாரு, யூனியன் கைய விரிச்சிருச்சு. அந்தக் கோவம் ஊருக்குள்ள பரவி, 1907 ஆகஸ்ட் 8 அன்னைக்கு ஜார்ஜ் தெருல பேட்மன்ஸ் கிரிஸ்டல் ஹோட்டல்ல கூடி நியூ சவுத் வேல்ஸ் ரக்பி ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சாங்க. தலைவர் ஹென்றி ஹோய்ல், செயலாளர் ஜேம்ஸ் கில்டினன், பொருளாளர் யாரு தெரியுமா, விக்டர் ட்ரம்பர். ஆமா அதே ட்ரம்பர் தான், 1902ல ஓல்ட் ட்ராஃபோர்ட்ல லஞ்சுக்கு முன்னாடியே செஞ்சுரி போட்ட மனுஷன். கிரிக்கெட் பைத்தியமான நம்ம ஆளுங்கள இந்தக் கதைக்குள்ள இழுக்கணும்னா இந்த ஒரு பேரு போதும், நான் என் மச்சானை அப்படித்தான் இழுத்தேன்.

இந்த முன்கதைய எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, பேப்பர்ல தேடும்போது எந்த வார்த்தையப் போடணும்னு இதுல தான் இருக்கு. 1908ல பேப்பர்காரங்க ரக்பி லீக்னு எப்பவும் எழுத மாட்டாங்க. சில நாள் லீக், சில நாள் லீக் ஃபுட்பால், சில நாள் நார்தர்ன் யூனியன் ரூல்ஸ், சில பேர் கிண்டலா புரொஃபஷனல்னு எழுதுவாங்க. இதெல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டுத் தேடணும், ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு ஒண்ணும் வரலைன்னு விட்டுறாதீங்க.

சரி, தேடுற இடம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தோட ட்ரோவ் சைட், முழுக்க இலவசம், கணக்கு ஆரம்பிக்காமலே படிக்கலாம். பழைய பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்ணி, மெஷின் படிச்ச எழுத்தோட சேர்த்து வச்சிருக்காங்க. உள்ள போய் நியூஸ்பேப்பர் பிரிவுல அட்வான்ஸ்டு சர்ச்ச தொறந்துக்கோங்க, தேதி 1908 ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும்னு கட்டிப் போடுங்க, மாநிலம் நியூ சவுத் வேல்ஸ், ரிசல்ட்ட தேதி வரிசைல வைங்க. இந்தத் தேதிக் கட்டு போடலைன்னா இருபது முப்பது வருஷத்து மேட்ச் எல்லாம் வந்து குவியும், மொத நாள் எனக்கு அப்படித்தான் ஆச்சு, 1930ல ஆடுன ஒரு மேட்ச்ச பாதி படிச்சப்புறம் தான் வருஷத்தையே பார்த்தேன்.

எந்தப் பேப்பர் எதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. சிட்னி மார்னிங் ஹெரால்டும் டெய்லி டெலிகிராஃபும் ஸ்கோருக்கு நல்லது, சனிக்கிழமை ஆட்டம் திங்கக்கிழமை பேப்பர்ல வரும், ஆனா ஹெரால்டுல யூனியனுக்குத் தான் மேல் இடம், லீக் கீழ ஒரு ஓரமா கெடக்கும், பக்கத்தோட கடைசி வரைக்கும் இறங்கிப் பாருங்க. ரெஃப்ரீன்னு ஒரு விளையாட்டு வாரப் பத்திரிகை, அது தான் எனக்கு உயிர், யார் பால எங்க பிடிச்சான் எங்க விட்டான்னு வரிவரியா வரும். சிட்னி ஸ்போர்ட்ஸ்மேன், ஆரோ ரெண்டும் கூட இருக்கு. நியூகாசில் டீமுக்கு சிட்னிப் பேப்பர நம்பாதீங்க, நியூகாசில் மார்னிங் ஹெரால்டு அண்ட் மைனர்ஸ் அட்வகேட்னு அந்த ஊர்ப் பேப்பரே இருக்கு, பேருலயே சுரங்கத் தொழிலாளி இருக்கான் பாருங்க, யாருக்கான ஆட்டம்னு அதுலயே தெரியும். கம்பர்லேண்டுக்கு கம்பர்லேண்ட் ஆர்கஸ் அண்ட் ஃப்ரூட்குரோவர்ஸ் அட்வகேட், அப்போ இந்த ஏரியா பூரா பழத்தோட்டம், இப்போ எங்க வீடு இருக்கிற இடத்துல ஆரஞ்சு மரம் நின்னிருந்தாலும் ஆச்சரியமில்ல.

படிக்கும்போது இடது பக்கம் மெஷின் படிச்ச எழுத்து, வலது பக்கம் ஸ்கேன் படம். இடது பக்கத்த ஒரு நாளும் நம்பி ஸ்கோர் எழுதாதீங்க. நூறு வருஷத்துக்கு முந்தின மங்கின அச்சுல 3ம் 8ம் ஒண்ணு மாதிரி இருக்கும், 5ம் 6ம் அப்படித்தான், மெஷின் குத்துமதிப்பா ஒண்ண போட்டுட்டுப் போயிரும். படத்த பெருசாக்கி கண்ணால பார்த்துட்டு தான் ஷீட்டுல ஏத்தணும். தப்பா இருந்தா அந்த வரிய நீங்களே திருத்தலாம், அடுத்து தேடி வர்றவனுக்கு சரியா கிடைக்கும்.

இப்போ பெரிய குழிக்கு வர்றேன். நான் மூணு வாரம் உழைச்சுப் போட்ட பாயிண்ட்ஸ் டேபிள தூக்கிக் குப்பைல போட வச்ச குழி இது.

சிட்னி ரக்பி யூனியன்ல 1900ல இருந்தே ஏரியா வாரியா கிளப் இருந்துச்சு. க்ளீப், பால்மெயின், நியூடவுன், சவுத் சிட்னி, நார்த் சிட்னி, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ், வெஸ்டர்ன் சபர்ப்ஸ்னு. 1908ல லீக்காரங்க வந்து அதே ஏரியாக்கள்ல, அதே பேருல புதுசா கிளப் ஆரம்பிச்சாங்க. அப்போ என்னாகும்னா, ஒரே சனிக்கிழமை ஒரே பேப்பர்ல ரெண்டு க்ளீப் ஆடும், ரெண்டு நியூடவுன் ஆடும். நான் ரெண்டையும் ஒண்ணா நெனச்சு ஏத்திட்டேன். நார்த் சிட்னி ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் ஆடுன மாதிரி வந்தப்போ தான் பொறி தட்டுச்சு. இது போதாதுன்னு ஆஸ்திரேலியன் ரூல்ஸ்ங்கிற வேற ஒரு ஃபுட்பால் ஆட்டத்துலயும் ஒரு நியூடவுன் இருந்துச்சு, ஆனா அது பரவால்ல, அதோட ஸ்கோர் கோல், பிஹைண்ட்னு ரெண்டு கணக்கா வரும், பார்த்ததும் தள்ளிடலாம்.

யூனியனையும் லீக்கையும் பிரிக்கிறதுக்கு நான் பிடிச்ச வழி சொல்றேன். அந்தப் பத்தி பூரா ஒரு ஓட்டு ஓட்டுங்க, அதுல சிட்னி யூனிவர்சிட்டியோ செயின்ட் ஜார்ஜோ ஆடுன மேட்ச் இருந்தா அது யூனியன் பத்தி, ஏன்னா 1908 லீக்ல அந்த ரெண்டும் கிடையாது. நியூகாசிலோ கம்பர்லேண்டோ மத்த டீமோட ஆடுன வரிசைல இருந்தா பெரும்பாலும் லீக். அடுத்தது ஆட்கள எண்ணுங்க, டீம் பட்டியல் போட்டிருந்தா பதிமூணா பதினஞ்சா. மைதானம் பாருங்க, சிட்னி கிரிக்கெட் கிரவுண்ட் அப்போ யூனியன் கைல, லீக் அதுக்குப் பக்கத்துல இருக்கிற ராயல் அக்ரிகல்ச்சுரல் ஷோகிரவுண்டுல தான் கடை போட்டுச்சு, அப்புறம் பிர்ச்குரோவ் ஓவல், வென்ட்வொர்த் பார்க்.

இதெல்லாம் இல்லாம வெறும் மேட்ச் ரிப்போர்ட் மட்டும் கைல இருந்தா கணக்கு தான் துணை. ரெண்டு ஆட்டத்துலயும் அப்போ ட்ரைக்கு, அதாவது எதிராளி கோட்டத் தாண்டிப் போயி பால தரைல வைக்கிறதுக்கு, 3 பாயிண்ட் தான், ட்ரைக்கு அப்புறம் உதைக்கிற கன்வர்ஷனும் ரெண்டுலயும் 2. வித்தியாசம் மத்த கோல்ல, அதாவது ரெண்டு கம்பத்துக்கு நடுவுல பால உதைச்சு அனுப்புறதுல. லீக்ல எந்தக் கோல் போட்டாலும் 2. யூனியன்ல எதிராளி தப்பு பண்ணினா உதைக்கிற பெனால்டி கோல் 3, ஆட்டத்துக்கு நடுவுல பால தரைல போட்டு எழும்பும்போது உதைக்கிற டிராப் கோல் 4. அப்போ ரிப்போர்ட்ல 5 பாயிண்ட்ல இருந்த டீம் பெனால்டி அடிச்சு 7 ஆச்சுன்னா லீக், 8 ஆச்சுன்னா யூனியன். இந்த ஒரு சோதனையே பாதி குழப்பத்தத் தீர்த்துரும், நான் இத ஒரு சின்ன மஞ்சத் தாள்ல எழுதி ஸ்க்ரீன் ஓரத்துல ஒட்டி வச்சிருந்தேன்.

இத கைல வச்சுக்கிட்டு மொத நாள் ஆட்டத்த எடுத்துப் பார்ப்போம். 1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள். திங்கக்கிழமை ஆட்டங்கிறதால செவ்வாக்கிழமை, அதாவது 21ந் தேதி பேப்பரத் தொறக்கணும், இத கவனிங்க, சனிக்கிழமைப் பழக்கத்துல 20ந் தேதி பேப்பர்ல தேடுனா ஸ்கோர் இருக்காது. ரெண்டு மைதானம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மேட்ச். வென்ட்வொர்த் பார்க்ல ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 32, நியூடவுன் 16, அப்புறம் க்ளீப் 8, நியூகாசில் 5. பிர்ச்குரோவ்ல சவுத் சிட்னி 11, நார்த் சிட்னி 7, பால்மெயின் 24, வெஸ்டர்ன் சபர்ப்ஸ் சுத்தமா முட்டை.

இப்போ நியூகாசிலோட அந்த 5ஐ எடுங்க. 3ம் 2ம் வச்சு 5 வரணும்னா ஒரே வழி தான், ஒரு ட்ரை ஒரு கோல். நார்த் சிட்னியோட 7ம் அப்படித்தான், ஒரு ட்ரை ரெண்டு கோல், வேற வழியே இல்ல. அப்போ ரிப்போர்ட்டப் படிக்கும்போது நார்த் சிட்னிக்கு ரெண்டு பேர் ட்ரை போட்டதா வந்தா, ஒண்ணு நீங்க தப்பாப் படிச்சீங்க இல்ல நிருபர் தப்பா எழுதினாரு. சவுத் சிட்னியோட 11க்கு ரெண்டு வழி, மூணு ட்ரை ஒரு கோல் இல்லைன்னா ஒரு ட்ரை நாலு கோல், இத ரிப்போர்ட்டப் படிச்சு தான் முடிவு பண்ணணும். 32க்கு வழி நெறைய, ஆனா அதுல ஒரு பிடி இருக்கு, ஜானி ஸ்டன்ட்ஸ்ங்கிற விங்கர், அதாவது மைதானத்து ஓரமா ஓடி ஆடுறவர், அன்னைக்கு ஒருத்தரே நாலு ட்ரை போட்டாரு, 12 பாயிண்ட் அவர் கணக்கு, மிச்சம் 20க்கு மட்டும் ஆளத் தேடுங்க. அந்த ஸ்டன்ட்ஸ் 1917ல முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல செத்துப் போனாரு. ஒரு பேர தேடப் போய் அந்த ஆளோட கடைசி வரைக்கும் போய் நிக்கிறது இந்த வேலைல அடிக்கடி நடக்கும், அன்னைக்கு ராத்திரி மேல தோண்ட மனசு வரல.

இந்தக் கணக்க வச்சு ஸ்கோர் சரியா தப்பான்னு முழுசா சொல்லிட முடியாது, அதையும் சொல்லிடறேன், 1ஐ தவிர எந்த எண்ண வேணாலும் 3ம் 2ம் வச்சு கூட்டிரலாம். அதனால மொத்தத்த மட்டும் பார்க்காம ட்ரை போட்டவங்க பேரு, கோல் அடிச்சவங்க பேரு ரெண்டையும் தனித்தனி காலம்ல போட்டு, கூட்டினா மொத்தம் வருதான்னு பாருங்க. வரலைன்னா செல்லுக்கு மஞ்சக் கலர் அடிச்சுட்டு அடுத்த பேப்பர் தேடுங்க. என் ஷீட்டு பாதி மாசம் மஞ்சக் காமாலை வந்த மாதிரி தான் இருந்துச்சு.

ஷீட்டு எப்படி அமைக்கிறதுன்னா, மொத தாள் கிளப்புக்கு. எந்த டீம் எப்போ ஆரம்பிச்சுதுன்னு போட்டுக்கோங்க. க்ளீப் 1908 ஜனவரி 9, சவுத் சிட்னி ஜனவரி 17, பால்மெயின் 23, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 24, வெஸ்டர்ன் சபர்ப்ஸ் பிப்ரவரி 4, நார்த் சிட்னி பிப்ரவரி 7. ஒரே மாசத்துக்குள்ள ஊர் ஊரா டவுன் ஹால்ல கூட்டம் போட்டு ஆரம்பிச்சிருக்காங்க, அந்த வேகத்தப் பாருங்க. நியூடவுன் மட்டும் வில்லங்கம், அவங்க ஜனவரி 8ன்னு சொல்லி நாங்க தான் எல்லாருக்கும் மூத்தவங்கன்னு நிப்பாங்க, க்ளீப் பக்கம் இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க, 8 இல்ல 14ன்னு சொல்றவங்களும் உண்டு. நம்ம ஊர்ல எந்தக் கடை ஒரிஜினல் அல்வாக் கடைன்னு நடக்கிற சண்டை மாதிரியே தான். இந்த மாதிரி இடத்துல நீங்க நீதிபதி ஆகாதீங்க, ரெண்டு தேதியையும் போட்டு, எந்தப் பேப்பர் எந்த நாள் என்ன சொல்லுதுன்னு பக்கத்துல குறிச்சு வைங்க.

ரெண்டாவது தாள் மேட்ச்சுக்கு. தேதி, மைதானம், ரெண்டு டீம், ஸ்கோர், ட்ரை போட்டவங்க, கோல் அடிச்சவங்க, எந்தப் பேப்பர், என்ன தேதிப் பேப்பர், எத்தனாவது பக்கம். கடைசி மூணையும் சோம்பேறித்தனத்துல விட்டீங்கன்னா ரெண்டு வாரம் கழிச்சு உங்களையே நீங்க திட்டிக்குவீங்க. கூட்டம் எவ்ளோன்னு ஒரு காலம் போடலாம், ஆனா ஒரு பேப்பர் மூவாயிரம்பான் இன்னொருத்தன் நாலாயிரம்பான், அவனவன் நின்ன இடத்துல இருந்து தலைய எண்ணி எழுதினது தானே. டிக்கெட் வசூல் போட்டிருந்தா அது கொஞ்சம் நம்பலாம். அதுல பவுண்டு, ஷில்லிங், பென்ஸ்னு வரும், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஷீட்டுல தசமமா போட்டு கூட்டிராதீங்க.

மூணாவது தாள் பாயிண்ட்ஸ் டேபிள். ஜெயிச்சா 2, டிரா ஆனா 1. இங்க தான் கம்பர்லேண்ட் வந்து குட்டைய குழப்பும். மொத ரவுண்டுல எட்டு டீம், நாலு மேட்ச், கணக்கு கச்சிதம். அதுக்கப்புறம் தான் ஒன்பதாவதா கம்பர்லேண்ட் உள்ள வந்துச்சு, ஒத்தப்படை ஆயிட்டதால ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருத்தர் சும்மா உக்காரணும். அந்த பை வாரத்த ஜெயிப்பு காலம்ல போட்டுறாதீங்க, தனி காலம் வைங்க. பேப்பர்ல வர்ற டேபிளோட உங்க டேபிள் ஒத்துவரலைன்னா மொதல்ல இந்தக் காலத்தத் தான் சந்தேகப்படணும். ஒன்பது டீம் ஒருத்தரோட ஒருத்தர் ஒரு தடவ மோதினா 36 மேட்ச் வரும், உங்க ஷீட்டுல எத்தனை வருதுன்னு பார்த்துட்டு, குறையுற ஜோடி எதுன்னு கண்டுபிடிச்சு அதுக்குன்னு தனியா தேடுங்க, வாக் ஓவரா, அதாவது எதிர் டீம் வராம ஜெயிச்சதா, மழையா, இல்ல நீங்க தவற விட்டதான்னு தெரிஞ்சிரும்.

டேபிள் சரியான்னு பார்க்க ஒரு சூப்பர் வழி இருக்கு, நம்ம கடைக் கணக்குல வரவு செலவு டாலி பண்ற மாதிரி தான். எல்லா டீமும் போட்ட பாயிண்ட்ட மொத்தமா கூட்டுங்க, எல்லா டீமும் விட்டுக்கொடுத்த பாயிண்ட்டையும் கூட்டுங்க, ரெண்டும் ஒரே எண்ணா வரணும். ஒருத்தன் போட்டது தானே இன்னொருத்தன் விட்டது. எனக்கு மொத தடவ 9 வித்தியாசம் வந்துச்சு, மொத்த மேட்ச்சையும் திரும்பப் பார்த்தா ஒரு மேட்ச்ல ஒரு டீமுக்கு 14ன்னும் எதிர் டீம் வரிசைல 5ன்னும் ஏத்தி வச்சிருக்கேன், ராத்திரி ஒண்ணரை மணிக்கு கண்ணச் சொக்கிக்கிட்டு ஏத்தினா இப்படித்தான்.

அடுத்து காலண்டர். சில வாரம் லீக் மேட்ச்சே கண்ணுல படாது, படாட்டி பயப்படாதீங்க, பெரிய ஆட்டம் ஏதாச்சும் நடந்திருக்கும். 1907லயே நியூசிலாந்துல இருந்து ஆல் கோல்ட்ஸ்னு ஒரு டீம் இங்கிலாந்து போற வழில சிட்னில இறங்கி, ஆகஸ்ட் 17ந் தேதி ஷோகிரவுண்டுல ஆடுச்சு, சுமார் இருபதாயிரம் பேர் வந்தாங்க, நியூசிலாந்து 12க்கு 8ன்னு ஜெயிச்சுது. வேடிக்கை என்னன்னா அது லீக் ஆட்டமே இல்ல, புது விதிப் புத்தகம் கைல இல்லாததால பழைய யூனியன் விதில தான் ஆடினாங்க. யூனியனோட பெரிய ஸ்டார் டேலி மெசஞ்சர் அதுல ஆடினாரு பாருங்க, அங்க தான் ஆட்டம் மாறுச்சு, அவரு பின்னாடியே ஜனமும் வந்துச்சு. அப்புறம் அவரையும் அந்த டீமே இங்கிலாந்துக்கு கூட்டிட்டுப் போச்சு. 1908ல திரும்பி வரும்போது மே 9ந் தேதி சிட்னில மொத டெஸ்ட், நியூசிலாந்து 11, ஆஸ்திரேலியா 10. ஆர்தர் ஹென்னஸி கேப்டன். அந்த டீம சேர்த்துக் கூட்டிட்டு வந்த பாஸ்கர்வில்ங்கிற இளைஞர் மே 20 அன்னைக்கு பிரிஸ்பேன்ல நிமோனியா வந்து செத்துப் போனாரு. ஜூன் 6 டெஸ்ட்ல ஆஸ்திரேலியா 14க்கு 9 ஜெயிச்சுது. இந்தத் தேதிகள மொதல்லயே ஷீட்டுல சாம்பல் கலர் அடிச்சு வச்சுக்கோங்க, அந்த வாரங்கள்ல கிளப் ஆட்டத்துல பெரிய பேரு ஏன் இல்லைன்னு மண்டைய உடைச்சுக்க வேண்டியதில்ல.

பேருன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ரிப்போர்ட்ல முழுப் பேரு வராது, கடைசிப் பேரு மட்டும் தான், அதிகபட்சம் ஒரு இனிஷியல். ஒரே வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஆடினா உங்க பாடு திண்டாட்டம். எழுத்தும் பேப்பருக்குப் பேப்பர் மாறும். ஒரு தனி தாள் போட்டு, ஒவ்வொரு டீமுக்கும் பத்து பதினஞ்சு பேர நிச்சயமா கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டா யூனியன் லீக் பிரிக்கவும் அதுவே உதவும். நார்த் சிட்னின்னா டின்னி லட்ஜ், சிட் டீன், ஜிம் டெவரோ. சவுத் சிட்னின்னா ஹென்னஸி, பில்லி கேன், ஆர்தர் கான்லின். க்ளீப்னா பர்டன். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ்னா மெசஞ்சர், சாண்டி பியர்ஸ், ஆல்பர்ட் ரோசன்ஃபெல்ட். இந்த ரோசன்ஃபெல்ட் அப்புறம் இங்கிலாந்துல ஹடர்ஸ்ஃபீல்டு டீமுக்குப் போயி 1913-14 சீசன்ல 80 ட்ரை போட்டாரு, இன்னைக்கு வரைக்கும் ஒரு சீசன்ல அத யாரும் தாண்டல.

இப்போ ஃபைனல். எல்லாரும் இங்க இருந்து தான் ஆரம்பிப்பாங்க, நான் கடைசில வைங்கன்னு சொல்றேன், ஏன்னா சீசன் முழுக்கத் தெரியாம ஃபைனல் ஸ்கோர மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. 1908 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, ஷோகிரவுண்ட், சவுத் சிட்னி 14, ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் 12. தேதியப் பாருங்க, ஹடர்ஸ்ஃபீல்டு ஹோட்டல் கூட்டம் நடந்ததும் ஆகஸ்ட் 29, சரியா பதிமூணு வருஷம், ஆடுறதும் பதிமூணு பேரு, ஜோசியக்காரன் கைல கொடுத்தா ரெண்டு நாள் பேசுவான். கூட்டம் நாலாயிரம் பக்கம் தான். இருபதாயிரம் பேர் வந்த அதே மைதானத்துல ஃபைனலுக்கு நாலாயிரமான்னு தோணும். காரணம், பெரிய பிளேயருங்க ஃபைனல்ல இல்ல. கில்டினன் கூட்டிட்டுப் போன மொத கங்காரு டூருக்கு, அதாவது ஆஸ்திரேலிய லீக் டீமோட இங்கிலாந்துப் பயணத்துக்கு, மெசஞ்சர், ஹென்னஸி, ரோசன்ஃபெல்ட்னு ஆளுங்க ஃபைனலுக்கு முன்னாடியே இங்கிலாந்துக்கு கப்பல் ஏறிட்டாங்க. கல்யாண வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாடியே மாப்பிள்ளை கெளம்பிட்ட மாதிரி. அதனால ஃபைனல் டீம் பட்டியல பழைய ரவுண்டு பட்டியலோட பக்கத்துல வச்சுப் பாருங்க, யார் யார் இல்லைன்னு அடிச்சு வச்சுக்கிட்டு அப்புறம் ரிப்போர்ட்டப் படிங்க, அப்போ தான் அந்த ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்தோட எடை தெரியும். அந்த டூர் பணத்தையும் முழுங்கிருச்சு, கில்டினன் திவால் ஆயிட்டாரு. 1909ல ஹோய்ல், கில்டினன், ட்ரம்பர் மூணு பேருமே பதவில இல்ல, கணக்கு வழக்குத் தகராறு. ஆரம்பிச்சவங்கள வெளிய அனுப்பிட்டு சங்கம் ஓடுறது நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்ல போல.

சவுத் சிட்னிக்கு ராபிட்டோஸ்னு ஒரு பட்டப் பேரு இருக்கே, தெருவுல முயல் கறி விக்கிறவங்க கூவுற சத்தத்துல இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. கோலமாவேய்னு கூவுற மாதிரி நெனச்சுக்கோங்க. ஆனா 1908 பேப்பர்ல இந்தப் பட்டப் பேர போட்டுத் தேடி நேரத்த வீணாக்காதீங்க, ஊரு பேர போட்டே தேடுங்க.

இத முடிச்சுட்டு 1909க்குப் போனீங்கன்னா ஒரு எச்சரிக்கை. அந்த வருஷம் சவுத் சிட்னியும் பால்மெயினும் தான் ஃபைனல், செப்டம்பர் 18. யூனியன்ல இருந்து தாவி வந்த வாலபீஸ் (ஆஸ்திரேலிய யூனியன் டீம்) ஆளுங்களும் கங்காருஸும் ஆடுற காட்சி மேட்ச்சுக்கு முன்னாடி ஒப்புக்கு ஆடுற ஆட்டமா ஃபைனல வச்சுட்டாங்கன்னு பால்மெயின் வரவே இல்ல. சவுத் சிட்னி இறங்கி, எதிர்ல ஆளே இல்லாம கிக் ஆஃப் பண்ணி, பால எடுத்துட்டுப் போயி ட்ரை போட்டு கப்ப தூக்கிட்டுப் போச்சு. பேசி வச்சுக்கிட்டு ஏமாத்திட்டாங்கன்னு பால்மெயின் பக்கம் இன்னைக்கும் சொல்வாங்க. உங்க ஷீட்டுல இத ஸ்கோர் காலம்ல எப்படிப் போடுறதுன்னு முழிப்பீங்க, நான் வாக் ஓவர்னு எழுதிட்டு பாயிண்ட் கூட்டல்ல சேர்க்கல. 1910ல நியூடவுனும் சவுத் சிட்னியும் 4க்கு 4 டிரா, டேபிள்ல மேல இருந்ததால நியூடவுனுக்கு கப். அதனால ஃபைனல்ல ஜெயிச்சவன் தான் சாம்பியன்னு ஷீட்டுல ஃபார்முலா போட்டுறாதீங்க, ரெண்டே வருஷத்துல உடைஞ்சிரும்.

எங்க கம்பர்லேண்டுக்கு 1909 தாளே தேவைப்படல. பாரமட்டான்னு ஒரு டீம் இந்தப் பக்கத்துல இருந்து திரும்ப லீக்குக்குள்ள வர 1947 ஆச்சு. அந்த ஒத்த ஜெயிப்பு யார் கூடன்னா வெஸ்டர்ன் சபர்ப்ஸ் கூட, மொத நாள் முட்டை வாங்கினாங்களே அவங்க தான். எந்தத் தேதி, என்ன ஸ்கோர்னு நான் இங்க எழுதல, மேல சொன்ன மாதிரி தேதிக் கட்டு போட்டு கம்பர்லேண்ட் ஆர்கஸ்ல இருந்து ஆரம்பிங்க, ட்ரையையும் கோலையும் கூட்டிப் பாருங்க, பழகுறதுக்கு இத விட நல்ல மேட்ச் இந்த சீசன்ல இல்ல. அத தேடி எடுத்த அன்னைக்கு நான் ஒரு பிரிண்ட் போட்டு பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட கொடுத்தேன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சாரு, அப்புறம் இதுல ஒருத்தன் பேரு எங்க பாட்டி வீட்டுப் பேருன்னாரு, அது எந்த அளவுக்கு உண்மைன்னு இப்போ தேடிக்கிட்டு இருக்கேன்.